உன் அப்பாவுக்கு ஏற்றிய ரத்தம்

செழியா,

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, பந்தல்காரர் வந்து வாசலை அளந்து போய்விட்டார், இந்த நேரத்தில் அம்மா எதற்கு உட்கார்ந்து எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். நீ சென்னையிலிருந்து வருகிறாய், ஜவுளிக்கடை, நகைக்கடை என்று ஓடுகிறாய், சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த கையோடு சிங்கப்பூருக்குப் போய்விடுவாய். எனக்கும் வயதாகிவிட்டது. இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எழுதும்போது நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளையோட அப்பா எப்படிங்க தவறினாரு?" என்று கேட்டார், நினைவிருக்கிறதா? உன் பெரியப்பா தோளிலிருந்த கட்சிக்கரைத் துண்டைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார். "அறுப்புத் தகராறுல டிராக்டர் சாஞ்சு தொடையில அடிங்க. ஆனா அந்த அடியில உயிர் போகல. ஆஸ்பத்திரியில சேரிக்காரன் ரத்தத்தப் புடிச்சு ஏத்திட்டானுங்க. குழாயிலயே கட்டிகட்டியா நின்னுபோச்சு. நம்ம ரத்தத்தோட அது சேருமா?" கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். நீ ஏதாவது சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்தேன். நீ தலையை ஆட்டி, "ஆமா, அப்பாவுக்கு ஒத்துக்கல" என்றாய்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அப்பா போனபோது உனக்கு நடை பழகி வெகுநாள் ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு நீ பெரியப்பா வீட்டுக்குப் போவாய். வயல், மாடு, ஆற்றுக்குளியல், அண்ணன் தங்கைகள் என்று உனக்கு அங்கே எல்லாம் இருந்தது. தஞ்சாவூரில் நம் ஓட்டு வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். நான் ஒன்று சொன்னால், "பெரியப்பா வேற மாதிரி சொல்றாரு" என்பாய். ஒரே கதையை வருஷா வருஷம் ஒரே மாதிரி கேட்டால் யாருக்கும் அதுதான் உண்மையாகப் படும். ஆனால் இப்போது நீ ஒரு குடும்பத்தைத் தொடங்கப் போகிறாய். நாளைக்கு உன் குழந்தை கேட்டாலும் இதையே சொல்வாய். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை கேட்டுவிடு.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்கிறேன். நீடாமங்கலத்தில் எந்தக் கட்சிக் கூட்டம் நடந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, ஹோமமும் இல்லை. மைக் வைத்து நாலு பேர் பேசினார்கள், மாலை மாற்றிக்கொண்டோம். உனக்குச் செழியன் என்று பேர் வைத்ததும் அவர்தான். ஆட்சி மாறியபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவராகத்தான் இருக்கும். சாதி ஒழிய வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுவார். அதே சமயம் வயல் வேலைக்கு வரும் பக்கிரி நம் கொல்லையில் கொட்டாங்கச்சியில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பான். அதைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படிப்பார். நல்லவர் என்று மட்டும் சொன்னால் நான் உன்னை ஏமாற்றுகிறவள் ஆவேன். நல்லவர், ஆனால் அண்ணனை எதிர்த்து வீட்டுக்குள் ஒரு வழக்கத்தைக்கூட மாற்றாதவர். அந்த வீட்டில் எல்லாம் உன் பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

பக்கிரி யார் என்று உனக்குத் தெரியாது. அந்தக் கதையில் அவனுக்குப் பேரே கிடையாது, வெறும் சேரிக்காரன்தான். அவனுடைய அப்பா நம் பண்ணையில் ஆளாக இருந்தவர். பக்கிரிக்கும் உன் அப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பேசவே மாட்டான். நாற்று முடியைக் கட்டினால் அது அவிழவே அவிழாது என்று எல்லாரும் சொல்வார்கள்.

அந்த வருஷம் சம்பா அறுப்பு சமயத்தில் கூலித் தகராறு முற்றிவிட்டது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சொல்லிச் சங்கத்து ஆட்கள் கேட்டார்கள். நம் பக்கத்து மிராசுகள் யாரும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். கதிர் முற்றி மணி உதிர ஆரம்பித்தது, வயலில் ஆள் இறங்கவில்லை. உன் பெரியப்பா வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி அனுப்பினார். உள்ளூர் ஆட்கள், பெண்களும் சேர்ந்து, வாய்க்கால் கரையில் குறுக்கே நின்றார்கள். பக்கிரியும் அதில் இருந்தான். உன் அப்பா அன்று காலையில் அண்ணனிடம், "போலீசும் வேணாம், வெளியாளும் வேணாம். நான் போய்ப் பேசிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நான் வாசலில் நின்று கேட்டேன். பெரியப்பா, "பேசிப் பேசித்தான் இவனுங்க தலைக்கு மேல ஏறிட்டானுங்க" என்றார். டிரைவரிடம் எதிரே யார் நின்றாலும் வண்டியை நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பினார். அதையும் கேட்டேன்.

டிரைவர் நிறுத்தவில்லை. ஆட்கள் மேல் வண்டி ஏறிவிடப் போகிறது என்று உன் அப்பா ஓடிப்போய் டிராக்டரின் படியில் தாவி ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். வண்டி கரையோரம் ஒதுங்கியது. ஈரக் கரை, பாரம் தாங்காமல் சரிந்தது. டிராக்டர் வாய்க்காலுக்குள் சாய்ந்தது. டிரைவர் அந்தப் பக்கம் குதித்துவிட்டான். அப்பா அடியில் மாட்டிக்கொண்டார். மட்கார்டு தகடு தொடையைக் கிழித்துவிட்டது. டிரெய்லரில் வந்த வெளியூர்க்காரர்கள் பயந்து ஓடிப்போனார்கள். வாய்க்காலில் குதித்து, முட்டுக் கொடுத்து வண்டியைத் தூக்கி அவரை வெளியே இழுத்தவர்கள் எல்லாம் மறித்து நின்ற ஆட்கள்தான். பக்கிரி தன் தலைத்துண்டை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டினான். பெரியப்பாவின் கார் வந்தபோது, கட்டிலிருந்து கையை எடுத்தால் ரத்தம் பீறிட்டது. அதனால் அவனையும் காரில் ஏற்றினார்கள். சீட்டுக்குக் கீழே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டவுன் ஆஸ்பத்திரி வரும்வரை அவன் கையை எடுக்கவில்லையாம். இதெல்லாம் அன்று மத்தியானம் உன் அப்பா தன் வாயாலேயே எனக்குச் சொன்னது. அப்போது அவருக்கு நினைவு நன்றாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் ரத்தக் குழாயைக் கட்டித் தையல் போட்டு, வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார். இளவயது டாக்டர். அப்பாவின் உதடு வெளுத்துப் போயிருந்தது. ஒரு கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் நரம்பே கிடைக்கவில்லை. ரத்தம் வற்றினால் நரம்பு சுருங்கிவிடும். "ரத்தம் ஏத்தியாகணும். யாராவது குடுங்க" என்றார் டாக்டர். உன் பெரியப்பா கொடுக்க முன்வந்தார். அதை மறைக்க மாட்டேன். பரிசோதித்தார்கள், பிரிவு சேரவில்லை. கூட வந்திருந்த சொந்தக்காரர்கள் காபி சாப்பிட்டுவிட்டு வருகிறேன், போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். ரத்தம் கொடுத்தால் ஆள் செத்துவிடுவான் என்று பயந்த காலம் அது. வெளியே வேப்பமரத்தடியில் சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்த பக்கிரி எழுந்து வந்து, "என்னுது ஆவுமான்னு பாருங்க" என்றான். ஆயிற்று. பிரிவும் சேர்ந்தது, இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்த்த சோதனையும் சரியாக இருந்தது. ஒரு பாட்டில் எடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரைப் பிரசவக் கேஸ் ஒன்றுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்டுக்கும் ஒரே நர்ஸ். குத்துவதற்கு வேறு நரம்பு இல்லை. அந்தப் பெண் என்ன செய்தாள் என்றால், குளுக்கோஸ் போய்க்கொண்டிருந்த குழாயிலேயே ஊசியைச் செருகி ரத்தத்தையும் சேர்த்து விட்டாள். இரண்டும் கலந்து இறங்கின. முதலில் மெல்லிய நூலாகச் சிவப்பு இறங்கியது. எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் மணல் மணலாக ஏதோ தெரிந்தது. கூழ் கிண்டும்போது மாவு கட்டி தட்டுமே, அப்படி. பிறகு சொட்டுவதே நின்றுவிட்டது. நர்ஸ் குழாயைத் தட்டினாள், கசக்கினாள். நகரவில்லை.

உன் பெரியப்பா அதைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "பாத்தீங்களா! உள்ளயே போவமாட்டேங்குது. அவன் ரத்தம் எப்படிடா இவன் உடம்புல ஒட்டும்? எடு அத, எடு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். பக்கிரி வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான். அவனும் குழாயைப் பார்த்தான். அவர் சொன்னதையும் கேட்டான்.

டாக்டர் ஓடிவந்தார். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. குளுக்கோஸை நிறுத்திக் குழாயைக் கழற்றினார். "இது ரத்தத்தோட கோளாறு இல்லீங்க. குளுக்கோஸ்ங்கறது சர்க்கரைத் தண்ணி. அதுல பட்டா யாரோட ரத்தமும் இப்படித்தான் கட்டும். புதுக் குழாய் போட்டு, உப்புத் தண்ணி விட்டுட்டு மீதியை ஏத்தலாம். பாட்டில்ல இருக்கற ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பெரியப்பா கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். "இன்னும் ஒரு சொட்டு ஏத்தினா நடக்கறதே வேற. நம்ம ஆளுங்க ரத்தம் தஞ்சாவூர்லேருந்து வருது. அதுவரைக்கும் தொடாதே." நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏத்துங்க. நான் அவரு பொண்டாட்டி, நான் சொல்றேன்" என்றேன். "பொம்பள நீ சும்மா இரு" என்று என்னைத் தள்ளினார்கள். நான் தரையில் விழுந்து எழுந்து மறுபடியும் அதையேதான் சொன்னேன். வெளியே நின்ற அவருடைய ஆட்கள் உள்ளே வந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டார்கள். டாக்டர் தன்னந்தனி ஆள். போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து, சமாதானம் பேசி, புதுக் குழாய் போடும்போது பிடித்துப் பார்க்க நாடி இல்லை. வார்டில் விளக்குப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் அப்பா போய்விட்டது தெரிந்தது. தஞ்சாவூர் ரத்தம் வரவே இல்லை.

நினைவு தப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "பக்கிரி மேல பழி போட விடாத."

ஆனால் பழி தயாராகிக்கொண்டிருந்தது. நீ யோசித்துப் பார். வண்டியை நிறுத்தாதே என்று சொன்னவர் உன் பெரியப்பா. ரத்தம் ஏற்ற விடாமல் மறித்தவரும் அவர். தம்பியின் சாவு அவர் வாசலில்தான் வந்து நின்றது. அதை அவரால் தாங்க முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தம்பி மேல் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. சுடுகாட்டில் மண்ணில் புரண்டு அழுதார். அந்தச் சாவைத் தூக்கி வைக்க அவருக்கு வேறு ஒரு தோள் வேண்டியிருந்தது. ஒரு கதையைக் கேட்கும்போது, அது யாருடைய பாரத்தை இறக்கி யார் தலையில் வைக்கிறது என்று பார், செழியா. நீ எந்த ஊருக்குப் போனாலும் இதை மட்டும் மறக்காதே.

காரியம் முடிவதற்குள் பக்கிரியைக் களத்து மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மாட்டுக்கொட்டில் கூட்ட வருகிற பெண் சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதுகொண்டே சொன்னாள். தென்னை மரத்தில் கட்டி வைத்து, "எந்தக் கையிலடா குடுத்தே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் இடது கையைக் காட்டியிருக்கிறான். உலக்கையால் அடித்து அதை ஒடித்தார்கள். பிறகு அவன் மேலேயே போலீஸ் கேஸ். டிராக்டரைக் கவிழ்த்து ஆளைக் கொன்றான் என்று. அவன் குடிசை இருந்த மேட்டைப் பெரியப்பா வளைத்து வேலி போட்டார். நீ விடுமுறைக்குப் போனால் மாங்காய் பறிப்பாயே, அந்த மாந்தோப்பு அதுதான்.

நான் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். டிரைவரிடம் என்ன சொல்லி அனுப்பப்பட்டது என்பதையும், அப்பா என்ன சொல்லிவிட்டுச் செத்தார் என்பதையும் சொன்னேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கூண்டுக்கு வெளியே காத்திருந்தேன். கேஸ் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் பக்கிரியை விட்டுவிட்டார்கள். விசாரணை நடந்த நாளெல்லாம் அவன் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கோபம், நியாயமான கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பேச நெருங்கினால் விலகிப் போனான். விடுதலையானதும் பெண்டாட்டி பிள்ளையோடு கடலோரம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். முத்துப்பேட்டைப் பக்கம் என்றார்கள், வேதாரண்யம் என்றார்கள். ஆள் விட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்தச் சாட்சிக்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் இடமில்லை. உன் மாமா வந்து நம்மைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். அப்பாவின் சொந்தம் உனக்கு இல்லாமல் போகக் கூடாது என்றுதான், பெரியப்பா கேட்டபோது உன்னை மட்டும் விடுமுறைக்கு அனுப்பினேன்.

நான் ஏன் லேப் வேலைக்குப் படித்தேன் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். டீச்சர் வேலை கிடைத்தது, நான்தான் வேண்டாம் என்றேன். அந்த டாக்டர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கிருந்த பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டேன். "செஞ்சுதான் பாருங்களேன்" என்றார். என் ரத்தத்தையே எடுத்தேன். ஒரு சோதனைக் குழாயில் குளுக்கோஸ், இன்னொன்றில் உப்புத் தண்ணீர், இரண்டிலும் சில சொட்டு. உப்புத் தண்ணீரில் ரத்தம் ரோஜா நிறத்தில் ஒரே சீராகக் கலந்து நின்றது. குளுக்கோஸில் விட்டது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் மணலாகத் திரண்டு அடியில் இறங்கியது. அதே கட்டிகள். என் ரத்தம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் உப்பு ஓர் அளவில் கரைந்திருக்கிறது; அந்த உப்பு இருக்கிறவரை ரத்த நீரிலுள்ள புரதங்களும் கரைந்தே இருக்கும், சிவப்பணுக்கள் தனித்தனியாக மிதக்கும். சர்க்கரைத் தண்ணீரில் உப்பு கிடையாது. அது கலந்தால் உப்பு நீர்த்துப் போகிறது. அப்போது சில புரதங்கள் கரைசலை விட்டு அணுக்கள் மேல் போய் ஒட்டி, ஒன்றை இன்னொன்றோடு பசை போலப் பிணைத்துவிடும். குளுக்கோஸ் என்றில்லை, வீட்டுச் சீனியைக் கரைத்தாலும் இதே கதைதான். இன்னும் நேரம் போனால் குளுக்கோஸ் அணுவுக்குள் நுழையும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும், அணு ஊதி உடையும். அதற்கு முன்னால் உப்பைச் சேர்த்தால் கட்டி பிரிந்துவிடும். "விட்டுப் பாருங்க" என்றார். அந்தக் குழாயில் உப்புத் தண்ணீரை விட்டு மெல்லச் சாய்த்தேன். கட்டிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ரத்தம் மறுபடியும் ரத்தமானது. அன்று நான் லேபில் அழுததை டாக்டரம்மா பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு சில மருந்துகளும் இப்படிக் குழப்பும். ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு டெக்ஸ்ட்ரான் என்று கெட்டியான ஒரு திரவம் ஏற்றுவார்கள். அது உடம்பில் போன பிறகு எடுத்த ரத்தத்தில், சிவப்பணுக்கள் காசு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். சேர்ந்து போகிற ரத்தம்கூடச் சேராத ரத்தம் போலத் தெரியும். உப்புத் தண்ணீரில் அணுக்களை அலசிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சர்வீஸ் முடியும்வரை புதிதாக வந்த ஒவ்வொரு நர்ஸ் பிள்ளையிடமும் ரத்தம் போகிற குழாயில் குளுக்கோஸ் கூடாது என்று நான் சொல்லாமல் விட்டதில்லை. ஏன் அம்மா இதையே சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அப்பாவின் திவசத்துக்கு ஒரு வருஷம் நான் ஊருக்குப் போனபோது, பையில் குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும் எடுத்துப் போனேன். நீ அண்ணன்களோடு ஆற்றுக்குப் போயிருந்தாய். உன் பெரியப்பாவிடம், "மாமா, ஒரு சொட்டு ரத்தம் குடுங்க. நான் ஒண்ணு காட்டறேன்" என்றேன். "என் ரத்தத்த சோதிக்க நீ யாரு?" என்றார். உன் பெரியம்மா, அதுவரை கூடத்தில் வாய் திறந்து நான் பார்த்திராதவர், என் முன்னால் வந்து உட்கார்ந்து விரலை நீட்டினார். குத்தினேன். தட்டில் இரண்டு பக்கமும் விட்டுச் சாய்த்துக் காட்டினேன். குளுக்கோஸ் பக்கம் கட்டிவிட்டது. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவும் பார்த்தார்.

"சக்கரத் தண்ணியில விட்டா எதுதான் கட்டாது? இதுக்கா இவ்ளோ படிச்சே?" என்றார்.

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். அன்னிக்கும் சர்க்கரைத் தண்ணிதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஊருக்கே தெரியும் என்ன நடந்துச்சுன்னு." அவ்வளவுதான். கண்ணால் பார்த்த பிறகும் அவர் அந்தக் கதையை விடவில்லை. நிச்சயதார்த்தத்தில் நீ கேட்டது, அந்தப் பீங்கான் தட்டைப் பார்த்த பிறகும் அவர் விடாமல் சொன்ன கதை.

நீ தலையாட்டியதற்கு அடுத்த வாரம் நான் முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். உன்னிடம் திருத்துறைப்பூண்டியில் ஒரு தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். எப்படியாவது பக்கிரியைக் கண்டுபிடித்து, கல்யாணத்துக்கு அழைத்து வந்து, உன் முன்னால் நிறுத்த வேண்டும் என்று இருந்தது. மீன் இறக்கும் துறையில் விசாரித்தேன். கை விளங்காத பக்கிரி என்றதும் ஒரு பெண் வழி காட்டினாள். அலையாத்திக் காட்டுக்குப் போகிற வாய்க்கால் ஓரத்தில் கூரை வீடு. வாசலில் உட்கார்ந்து வலக்கையாலும் காலாலுமாக வலையை இழுத்துப் பிடித்துப் பின்னிக்கொண்டிருந்தார். அவர் என்று எழுதுகிறேன். அன்று நேரிலும் 'நீங்க' என்றுதான் பேசினேன். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றார். உட்காரவே மாட்டேன் என்றார். நான் மண்ணில் உட்கார்ந்த பிறகுதான் அவரும் உட்கார்ந்தார்.

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்: "சின்னய்யாவ நான் கொல்லணும்னு குடுக்கலீங்கம்மா. ஆவும்னு சொன்னாங்க, குடுத்தேன். அது வெஷமாப் போவும்னு எனக்குத் தெரியாது. உங்க மொகத்தப் பாக்க எனக்கு அப்பவே தெம்பு இல்ல."

கோர்ட்டில் அவர் முகம் திருப்பியது கோபத்தால் இல்லை. பெரியப்பா கத்தியதை அந்த மனிதர் நம்பியிருக்கிறார். கண்ணால் பார்த்தாரே, தன் ரத்தம் அந்தக் குழாயில் கட்டியதை. இத்தனை வருஷமும் தன் ரத்தம்தான் உன் அப்பாவைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்.

எனக்குப் பதறிவிட்டது. "இல்ல பக்கிரி, இல்லவே இல்ல" என்று எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொன்னேன். குளுக்கோஸ், உப்பு, நான் லேபில் பார்த்தது, என் ரத்தமும் அப்படியே கட்டியது, பெரியம்மா ரத்தமும் கட்டியது. "உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லீங்க. அது நல்ல ரத்தம். வேற குழாய்ல விட்டிருந்தா அவரு பொழைச்சிருப்பாரு" என்றேன். ஒரு பெரிய பாரத்தை அவர் மேலிருந்து இறக்கிவிட்டதாக எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, செழியா. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் நிம்மதி இல்லை. வலையைக் கீழே வைத்திருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"அப்ப நான் செல்விக்குக் குடுத்திருக்கலாமாங்கம்மா?" என்றார்.

செல்வி அவர்களுடைய ஒரே மகள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். பக்கிரியின் பிரிவு தன் மகளுக்குச் சேர்ந்திருக்கிறது. டாக்டர், நர்ஸ் எல்லாரும் கெஞ்சியும், "என் ரத்தம் ஆவாதுங்க, உள்ள போனா கட்டிக்கும், ஏற்கெனவே ஒரு உசிரு போயிருக்கு" என்று சொல்லி வெளியே ஓடிவிட்டார். தெருத் தெருவாக வேறு ஆள் தேடியிருக்கிறார். ஆள் கிடைத்துக் கூட்டிக்கொண்டு வந்தபோது செல்வியை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். குழந்தை தங்கிவிட்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் போன அன்று பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள், நல்ல வேளையாக.

அவர் கேட்டதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? இல்லை, அப்போதும் முடிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் அது வரவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்தேன். அதிலிருந்தே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவர் அழவில்லை. தன் விளங்காத இடது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அதை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அது அழுகையா, தலையை முட்டிக்கொள்ளும் சத்தமா, தெரியவில்லை. நான் உள்ளே போனேன். அந்த அம்மாள் என்னைத் தொடவிடவில்லை.

உண்மையைச் சொன்னால் நல்லதுதான் நடக்கும் என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது அப்படியில்லை என்று அந்த வீட்டில் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் இந்த வயதில் உனக்கு வேறு எதைச் சொல்லிக் கொடுப்பேன்? ஒரு பொய் நம் வீட்டில் பிறந்து, நமக்குத் தெரியாத ஒரு வீட்டில் போய் ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறது. நிச்சயதார்த்தப் பந்தலில் அதற்கு நீயும் தலையாட்டினாய். கல்யாணத்துக்கு முன் யாரிடமாவது, முக்கியமாக அந்தப் பெண் வீட்டுப் பெரியவரிடம், "அது தப்பு, நடந்தது இது" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். பெரியப்பா எதிரில் இருந்தாலும் சொல்ல வேண்டும். அதனால் கல்யாணம் நின்றால் நிற்கட்டும். நிற்காது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் கண்ணில் தெளிவு இருக்கிறது.

நான் கிளம்பும்போது பக்கிரி வாய்க்கால் பாலம்வரை கூடவே நடந்து வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டார், "சின்னய்யா மவனுக்கு இதெல்லாம் தெரியுங்களா? அவங்க என்னைப் பத்தி என்ன நெனைக்கறாங்க?"

"தெரியும். எல்லாம் தெரியும். உங்க மேல அவனுக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "அது போதும்மா" என்றார்.

அவரிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். அதை உண்மையாக்குவது இனி உன் கையில் இருக்கிறது.

அம்மா